வலிக்கத் தெரியாதவள்

எங்கள் வீட்டில் பொழுது எப்படி விடிந்திருக்கிறது என்பது அம்மா வாயைத் திறந்தால்தான் தெரியும். "ஏன்டி, பால் பொங்கி வழியுது, கண்ண எங்க வச்சிருக்க?" என்று கேட்டால் எழுந்திருப்பது அம்மா. அன்றைக்கு எனக்கு நல்ல நாள். "அக்கா" என்று மெல்லிய குரல் வந்தால், ஐம்பதை நெருங்கும் அந்த உடம்புக்குள்ளிருந்து ஏழு வயதுக் குழந்தை ஒன்று என்னைப் பார்க்கிறது என்று அர்த்தம்.

இதைச் சொன்னால் கேட்பவர்களின் முகம் இரண்டு விதமாகப் போகும். பேய் பிடித்துவிட்டதோ என்கிற முகம் ஒன்று, நடிக்கிறாளோ என்கிற முகம் ஒன்று. இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மனநல டாக்டர் என்னையும் அப்பாவையும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். தாங்க முடியாத ஒன்று சின்ன வயதில் திரும்பத் திரும்ப நடந்தால், சில குழந்தைகளின் மனம் ஒரே ஆளாகச் சேர்ந்து வளர்வதில்லையாம். தனித்தனி ஆட்களாகப் பிரிந்து நின்றுவிடுமாம். அதில் ஒருத்தி வளர்ந்து, கல்யாணம் பண்ணி, வேலைக்குப் போய், தினமும் என்னைத் திட்டுகிறாள். இன்னொருத்தி ஏழு வயதிலேயே நின்றுவிட்டாள். அவளை நான் சின்னு என்று கூப்பிடுகிறேன். சின்னு வந்து போவது அம்மாவுக்குத் தெரியாது, சொன்னாலும் நம்ப மாட்டாள். நடுவில் கொஞ்ச நேரம் காணாமல் போனது மட்டும் தெரியும், அதையும் "அசதியில கண்ணசந்துட்டேன்" என்று பூசி மெழுகிவிடுவாள்.

சின்னு வந்தால் தையல் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கால் கட்டைவிரல்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி இறுக்கிக்கொள்வாள். ஒரு கையால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நிறம் பிரித்து வைப்பாள். துளி தொந்தரவு இல்லாத பிள்ளை. எனக்கு அதுதான் பயம். ஏழு வயதுப் பிள்ளை சத்தமே போடாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்றால், அதை யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். யார், எந்த வீட்டில் என்று அவள் சொன்னதில்லை. "கண்ண மூடிக்கோ, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வார்கள் என்பதை மட்டும் ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து அந்த வார்த்தைகள் எங்கள் வீட்டில் கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால்கூட நாங்கள் வேறு மாதிரிதான் பேசுவோம்.

அம்மா ஜன்னல் திரை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். ஒருமுறை மெஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. பக்கத்து மெஷின்காரி அதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். அம்மா சக்கரத்தைக் கையாலேயே பின்னுக்குச் சுற்றி ஊசியை மேலே ஏற்றி, விரலை உருவி, துணியில் ரத்தம் பட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி குழாயடிக்குப் போனாளாம். ஒரு 'ஸ்' கூட இல்லையாம். பட்டறையில் அவளுக்கு 'இரும்பு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். என் பிரசவக் கதையும் அதே கதைதான். "தூங்கி எழுந்த மாதிரி இருந்துச்சு. பாத்தா பக்கத்துல நீ கெடக்குற. வலின்னா என்னன்னே எனக்குத் தெரியாதுடி" என்பாள். அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவார். சிலருக்குத் தோல் தடிமன் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்று சொன்னபோது அம்மா பயப்படவே இல்லை. "எடுத்துட்டுப் போகட்டும், இனிமே அத வச்சு என்ன பண்ணப் போறேன்?" என்றாள். பயந்தது நான்தான். முன்பொரு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது கண் விழித்தது சின்னு. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரத்தம் ஒழுக ஒழுகக் கட்டிலுக்கு அடியில் சுவரோடு சுவராக ஒண்டிக்கிடந்தாள். அப்போது பிடுங்கியது வெறும் ஊசி. இப்போது வயிற்றில் தையல் இருக்கும்.

மனநல டாக்டரும் அதைத்தான் சொன்னார். "மயக்கம் தெளியறப்போ யார் முழிப்பாங்கன்னு நம்மால சொல்ல முடியாது. அந்தச் சின்னப் பொண்ணு முழிச்சா என்ன நடந்துச்சுன்னே அவளுக்குப் புரியாது. அவகிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க."

அப்பா கேட்கவில்லை. அப்பா நல்ல மனிதர், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர். சின்னு வந்தால் மிட்டாய் வாங்கித் தருகிறேன், பொம்மை வாங்கித் தருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"சின்னப் புள்ளகிட்டப் போய் வயித்தக் கீறப் போறாங்கன்னு சொல்லுவியா? உனக்கு மனசாட்சி இருக்கா?"

"சொல்லாம கீறுனா மட்டும் அது மனசாட்சியாப்பா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது தெரிந்த விஷயம். ஆனால் இதில் கோபம் மட்டும் இல்லை. நான் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பாதி மாடியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே இருப்பவர்கள் மணியை அழுத்தினால், ஸ்பீக்கரில் பேசுகிற குரல் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்ததும் எங்களுக்குச் சொல்லித் தருவது, 'இதோ வந்துட்டாங்க' என்று பொய் சொல்லாதே என்பதுதான். அது பொய் என்று தெரிந்த நிமிடத்தில் உள்ளே இருப்பவர்கள் கதவை நெம்ப ஆரம்பிப்பார்கள். அப்படித்தான் ஆள் விழுவது. நடக்கப்போவதைச் சொல்லு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லு.

சொல்லிவிடுவது என்று நான் முடிவு பண்ணினேன். ஆனால் சின்னு வரவில்லை. காலையில் எழுந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால் "ஏன்டி"தான் வந்தது. மறுநாளும் "ஏன்டி". திட்டு வாங்கி ஏமாந்துபோனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆபரேஷன் நாளும் வந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் படுக்க வைக்கும் அறை அது. திரை போட்டுத் தடுத்த கட்டில், சக்கரம் வைத்த கம்பியில் தொங்கும் பாட்டில், எங்கேயோ விடாமல் ஒலிக்கும் ஒரு கருவி. அம்மா முதுகுப் பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியில் படுத்துக்கொண்டு, திரையின் தையலைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். "மடிப்பப் பாரு, கோணக்கோணலா அடிச்சிருக்கான்." அப்பா ஏதோ மருந்து வாங்க வெளியே போயிருந்தார். நர்ஸ் வந்து கையில் ஊசியைச் சரிபார்த்துவிட்டு, போகிற போக்கில் அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"கண்ண மூடிக்கிட்டுப் படுங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போய்விட்டாள். அம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள். போர்வைக்குக் கீழே கால்கள் மெல்ல நெருங்கின. ஒரு கட்டைவிரல் இன்னொன்றின் மேல் ஏறியது.

"அக்கா."

சுண்டுவிரலை நீட்டினேன். ஐஸ் மாதிரி இருந்த கை அதைப் பிடித்துக்கொண்டது.

"இங்க எதுக்குக்கா படுக்க வச்சிருக்காங்க?"

பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்பாவை அவ்வளவு பேசியவள் நான், அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் மிட்டாய்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "வயித்துக்குள்ள ஒரு கட்டி இருக்கு சின்னு. டாக்டர் வயித்தக் கீறி அத எடுக்கப் போறாங்க. அப்போ தூங்கறதுக்கு மருந்து குடுப்பாங்க, வலிக்காது. முழிச்சப்புறம் வலிக்கும்."

"ரொம்பவா?"

"ரொம்ப. அப்புறம் போகப்போகக் கொறையும்."

"நீ உள்ள வருவியா?"

"விட மாட்டாங்க. கதவுக்கு வெளிய இருப்பேன். முழிக்கறப்போ என்னை உள்ள விடச் சொல்லிக் கேக்கறேன். விடுவாங்களான்னு தெரியாது."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அழப்போகிறாள், ஊசியைப் பிடுங்கப்போகிறாள் என்று என் இன்னொரு கை தயாராக இருந்தது. அவள் அழவில்லை. ஏதோ கடைக்குப் போய்வரச் சொன்ன மாதிரி தலையாட்டினாள்.

"சரி. நான் போறேன்."

"எங்க?"

"உள்ள. அவ பயப்படுவா. எப்பவும் நான்தான போவேன்."

"எப்பவும்னா?"

அம்மாவின் ஆள்காட்டி விரலை, நகத்தில் வடு இருக்கும் அந்த விரலை, அவள் தூக்கிக் காட்டினாள். "இதுல ஊசி எறங்கினப்போ. பல்லு புடுங்கினப்போ. வலிச்சா அவ போயிடுவா, நான் வந்துடுவேன். முடிஞ்சதும் அவ வந்துடுவா. நான் கத்தவே மாட்டேன்க்கா. கத்துனா ரொம்ப நேரம் ஆகும்."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம், பாப்பா எடுத்தப்போ" என்றாள்.

"எந்தப் பாப்பா?"

"வயிறு பெருசா இருந்துச்சு. இப்படியே கட்டில்ல போட்டிருந்தாங்க. ஒருத்தங்க என் கால அமுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. வெளிச்சத்துலேர்ந்து இருட்டாகற வரைக்கும் வலிச்சுது. அப்புறம் பாப்பா அழுதுச்சு. துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. நான் பாக்கறதுக்குள்ள அவ வந்துட்டா." குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "அந்தப் பாப்பா எங்கக்கா? செத்துப் போச்சா?"

என் பிறப்பைப் பற்றி நான் கேட்டிருந்த கதை முழுவதும் அந்த நிமிடத்தில் வேறு கதையாகிவிட்டது. தூங்கி எழுந்தது போல் இருந்தது அம்மாவுக்கு. அந்தத் தூக்க நேரம் முழுவதும் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் கட்டிலில் வாயை மூடிக்கொண்டு என்னைப் பெற்றிருக்கிறது. நாங்கள் அதைத் தோல் தடிமன் என்றோம், இரும்பு என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். அத்தனை நாளும் சின்னு விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பயந்தேனே, இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்தது. இவள் உள்ளே போனால் சமர்த்தாகத்தான் இருப்பாள். மயக்கம் தெளிந்து வலியில் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். வலிக்கிறதா என்று கேட்டு மருந்து போடக்கூட யாருக்கும் தோன்றாது. நாங்கள் வெளியே நின்று, பார்த்தாயா இரும்பு மனுஷி என்று மறுபடியும் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

"செத்துப் போகல. நல்லா இருக்கு. அப்புறம் காட்டறேன், சத்தியமா" என்றேன். "ஆனா நீ உள்ள போக வேணாம் சின்னு. இந்தத் தடவ அம்மா போகட்டும்."

"அவளுக்கு வலிக்கத் தெரியாதுக்கா."

"கத்துக்கட்டும்."

"அழுவா."

"அழட்டும். நான் பாத்துக்கறேன்."

"உன்னத் திட்டுவா."

"அது தெனமும் நடக்கறதுதான?"

அதற்குக் கொஞ்சம் சிரித்தாள். "அப்போ நான் எங்க இருக்கறது?"

"தையல் மேஜைக்கு அடியில. பொத்தான் டப்பா அங்கதான் இருக்கு. கண்ண மூட வேணாம், தெறந்துக்கிட்டே போ. நான் கூப்பிடற வரைக்கும் அங்கயே வெளையாடு."

பிடி தளர்ந்தது. கால்விரல்கள் பிரிந்தன. இமைகள் படபடத்து நின்றபோது, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது அம்மா. "என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்குற?"

நேரம் இல்லை. சொல்லிவிட்டேன். "அம்மா, இது வலிக்கும். இந்தத் தடவ நீ போயிடாத. இத்தன வருஷமா உனக்கு வலிக்காமப் போகல. உனக்குப் பதிலா ஒரு சின்னப் புள்ள வாங்கிக்கிட்டு இருந்திருக்கு."

அந்தப் பேச்சை எடுத்தாலே "அப்பனுக்கும் மகளுக்கும் கிறுக்கு" என்று அடித்துப் பேசுகிறவள் அன்று மறுக்கவில்லை. கை தானாகப் போய் வயிற்றின் மேல் நின்றது. திரையின் கோணல் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பொறந்தப்பவுமா?"

"ஆமாம்மா."

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

மயக்க மருந்து டாக்டர் வந்தபோது வெட்கத்தை விட்டு மன்றாடினேன். 'கண்ண மூடிக்கோ', 'ஒண்ணும் ஆகாது' இரண்டையும் தயவுசெய்து சொல்லாதீர்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "பின்ன என்னம்மா சொல்றது?"

"செய்யறதச் சொல்லுங்க டாக்டர். மருந்து ஏறப் போகுதுன்னா ஏறப் போகுதுன்னு சொல்லுங்க. முழிக்கறப்போ என்னை உள்ள விடுங்க. சின்ன வயசுல அவங்களுக்குக் கொடுமை நடந்திருக்கு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "முழிக்கறப்போ கூப்பிடறேன்" என்று மட்டும் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் போர்வையின் கடைசியையே பார்த்துக்கொண்டு கூடவே போனேன். கால்கள் தனித்தனியாக இருந்தன. இரட்டைக் கதவு திறந்து, கட்டில் பாதி நுழைந்த நேரத்தில் ஒரு கட்டைவிரல் அசைந்து இன்னொன்றின் பக்கம் சாய்ந்தது. ஏறியதா, இல்லையா? கதவு மூடிக்கொண்டுவிட்டது.

அப்பா மருந்துப் பையோடு வந்தார். மாடிப்படியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் வாயைத் திறப்பார், கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கடைசியில்தான் பேசினார்.

"நீ பொறந்த அன்னிக்கு நர்ஸ் வெளிய வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. 'உங்க வீட்டம்மா நல்லா ஜோக்கடிக்கறாங்க. சத்தம் போட்டா அடிப்பீங்களான்னு எங்களக் கேக்கறாங்க'ன்னு." மருந்துப் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். "நானும் சிரிச்சேன்."

அவரைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை, மனமும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மருந்துச் சீட்டோடு படியேறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டைவிரல் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கூப்பிட்டார்கள். உள்ளே வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் மூக்கில் குழாயோடு ஒருவர் முனகிக்கொண்டிருந்தார். அம்மாவின் கட்டிலில் மட்டும் சத்தமே இல்லை. முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. கண் திறந்தது. கூரையைப் பார்த்தது, பாட்டிலைப் பார்த்தது, என்னிடம் வந்து நின்றது. ஒரு முனகல் இல்லை. கை போர்வையிலிருந்து தடவித் தடவி வந்து என் சுண்டுவிரலைப் பிடித்தது.

போச்சு, அவளையே அனுப்பிவிட்டோம் என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்தேன். உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

"வலிக்குதுடீ!"

பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஐயோ, வலிக்குதுடீ! என்னடி மரம் மாதிரி நிக்குற, யாரையாச்சும் கூப்பிடுடீ!"

நர்ஸ் ஓடி வந்தபோது நான் கண்ணும் மூக்கும் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா வலியில கத்தறாங்க, நீங்க சிரிக்கறீங்க!" என்று என்னை முறைத்துவிட்டு மருந்தை ஏற்றினாள். அது வேலை செய்கிற வரைக்கும் அம்மா டாக்டரை, கட்டிலை, அப்பாவை, முக்கியமாக என்னை, ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தாள். நடுநடுவே பேச்சை நிறுத்தி, இது எப்படி இப்படி வலிக்கும் என்று நம்ப முடியாமல் தன் வயிற்றையே பார்த்தாள். பிடித்த விரலை விடவே இல்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மதியம், அப்பா சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அரைத்தூக்கத்தில் இருந்தாள். வலி எவ்வளவோ குறைந்திருந்தது. நான் அவள் காதருகே குனிந்து, "சின்னு, டப்பாவ மூடிட்டு வா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கால்விரல்கள் நெருங்கின.

"முடிஞ்சிடுச்சாக்கா?"

"முடிஞ்சிடுச்சு."

அங்கிக்கு மேலாக வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அவ அழுதாளா?"

"அந்த மாடி முழுக்கக் கேக்கற மாதிரி."

"யாரும் திட்டலையா?"

"யாரும் திட்டல. மருந்து குடுத்தாங்க."

அதை அவளால் நம்ப முடியவில்லை. என் முகத்தைத் துருவிப் பார்த்துவிட்டு, வாக்கு மறக்காதவளாய்க் கேட்டாள். "அந்தப் பாப்பா?"

"நான்தான் சின்னு."

தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். என் மூக்கைப் பார்த்தாள், அலுவலக அட்டை தொங்கும் கழுத்தைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். "இவ்ளோ பெருசாவா?" என்றாள். அப்பாவின் கையில் இருந்த தட்டு தவறித் தரையில் விழுந்து உருண்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டாள்.

"நீ வந்தப்போ எனக்கு ரொம்ப வலிச்சுது. நான் கத்தவே இல்ல, தெரியுமா?"

"தெரியும்."

யோசித்தாள். வார்டின் வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைக் கிட்டே இழுத்து, ரகசியமாகக் கேட்டாள்.

"இப்போ கத்திக்கட்டுமாக்கா?"

அப்பா சட்டென்று கதவைச் சாத்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"கத்து" என்றேன்.